இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்த பாட்டில்: ஒரு தண்ணீர் பரிசோதனை கிட் அனுபவம்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். தண்ணீர் மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது. போன சீசனில் சென்னையிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர், பேனா மாதிரி இருந்த டிடிஎஸ் மீட்டரை எங்கள் குடத்தில் விட்டுப் பார்த்தார். 38 காட்டியது. "எங்க வீட்டு போர் தண்ணி 1,400ங்க. இது அமிர்தம்" என்றார். மாமியாருக்கு ஒரே பெருமை. எனக்கோ ஊற்றுக்கு மேலே இருக்கும் கேரட் தோட்டமும், ராத்திரியில் அங்கே மேய வரும் காட்டெருமைகளும்தான் ஞாபகம் வந்தன.

அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து கரைந்த உப்பைக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். குடத்தில் ஒரு சொட்டு சாக்கடை விழுந்திருந்தாலும் அது 38 என்றேதான் காட்டியிருக்கும். அதனால் 2,300 ரூபாய் கொடுத்து இந்த கிட்டை ஆன்லைனில் வாங்கினேன்.

தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் பிஹெச் பார்ப்பது சுலபம். சொட்டு மருந்தை விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். எங்களுக்கு 6 வந்தது. இந்தியத் தரம் 6.5 முதல் 8.5 வரை. மண்ணிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் மலை ஊற்று பல இடங்களில் இப்படிக் கொஞ்சம் அமிலமாகத்தான் இருக்கும். இரும்பு, கடினத்தன்மை இரண்டிலும் சொல்ல ஒன்றுமில்லை.

நைட்ரேட்தான் எரிச்சல். தோட்டத்தில் போடும் உரம் ஐப்பசி மழையில் கரைந்து இறங்குமே, அதைப் பார்க்கத்தான் முக்கியமாக வாங்கினேன். அட்டையில் 10க்கு அடுத்த கட்டம் 45. நடுவில் எதுவும் இல்லை. சமையலறை பல்பு வெளிச்சத்தில் 45 மாதிரியும், வாசலில் வைத்தால் 10 மாதிரியும் தெரிகிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் குடிநீருக்கான எல்லை. ஆனால் சில கிட்கள் அதையே நைட்ரஜன் கணக்கில் சொல்லும். அதில் 10 என்றால் இதில் ஏறக்குறைய 45. இந்த அட்டை எந்தக் கணக்கு என்று எங்குமே போடவில்லை. விற்றவரிடம் கேட்டேன். இரண்டு நாள் கழித்து "ஆமாம் மேடம்" என்று பதில் வந்தது.

சரி, பாக்டீரியா பாட்டிலுக்கு வருவோம். தண்ணீரை ஊற்றி மூடி வைக்க வேண்டும். கிருமி இருந்தால் அது விடும் ஹைட்ரஜன் சல்பைடு உள்ளே இருக்கும் இரும்பு உப்போடு சேர்ந்து கறுப்பாகும். "அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம்" என்று போட்டிருந்தது. யார் வீட்டு அறையோ! மார்கழியில் எங்கள் சமையலறை 13 டிகிரி. இரண்டு நாள் கழித்தும் நிறம் மாறவில்லை. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. இங்கே இட்லி மாவே அடுப்போரம் கம்பளி சுற்றி வைத்தால்தான் பொங்கும். கிருமிக்கு மட்டும் குளிராதா? இரண்டாவது பாட்டிலை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், அதே கம்பளிக்குள் வைத்தேன். மறுநாள் காலையில் மை மாதிரி கறுப்பு. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்.

சில மண் பாக்டீரியாக்களாலும் கறுக்கும் என்பதால் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தேன். மலம், சாணம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை பாக்டீரியா 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கள் தண்ணீரில் இருந்தது. ஊற்றுத் தொட்டியின் மூடி உடைந்து ஒரு பக்கம் சரிந்து கிடந்தது, சுற்றிலும் சாணம். மூடியை மாற்றி, தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகு வைத்த பாட்டில் கறுக்கவில்லை. கம்பளிக்குள்தான் வைத்தேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பாக்டீரியா பாட்டில் மட்டும் தனியாகவும் கிடைக்கிறது. மலையில் இருப்பவர்கள் அதை ஒரு டஜன் வாங்கினால் போதும், பெட்டி முழுக்க வேண்டாம்.