எங்கள் நகரசபையின் குளிர்காலச் சேவை: வீதிக்கு 4, பார்க்கிங்குக்கு 1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் நகரசபையின் குளிர்கால வீதிப் பராமரிப்புக்கு 5க்கு 4 தாராளமாகக் கொடுப்பேன். அதே நகரசபை புது வீடமைப்புத் திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது, பனியை உருக்க வீதியிலும் வாகனத் தரிப்பிடத்திலும் (பார்க்கிங்) கொட்டுகிற உப்பைப் பற்றி யோசிக்கிற விதத்துக்கு 1 கொடுப்பதே அதிகம். இரண்டும் வேறு வேறு துறை, வேறு வேறு மேசை என்பார்கள். ஓடைக்கு அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது, எங்கே கொட்டின உப்பும் கரைந்து அங்கேதான் போய்ச் சேருகிறது.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஊழியர்கள் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறார்கள். பனி வரப்போகிறது என்று தெரிந்தால், விழத் தொடங்குவதற்கு முன்பே தொட்டி வண்டி ஒன்று வந்து பிரதான வீதிகளில் உப்புநீர் தெளித்துவிட்டுப் போகும். காய்ந்ததும் வீதி நெடுக வெள்ளைக் கோடுகள் சம இடைவெளியில் தெரியும், பார்த்திருப்பீர்கள். 23 சதவீதம் அளவுக்கு உப்புக் கரைத்த நீர் அது, மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. வேலை என்னவென்றால் பனி தாரோடு ஒட்டிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. ஒட்டாத பனியைத் தள்ளும் வண்டி சுலபமாக வழித்துக்கொண்டு போய்விடும், பிறகு கொட்ட வேண்டிய உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஒட்டி இறுகின பிறகு உப்பால் உருக்குவது என்றால் பல மடங்கு தேவைப்படும்.

அடுத்தது, உப்பை உலர்வாக வீசுவதில்லை. வண்டியின் பின்னால் சுழலும் தட்டில் விழும்போதே உப்புநீரால் நனைத்து விடுகிறார்கள். உலர்ந்த கல் உப்பை வீசினால் ஏறத்தாழ 30 சதவீதம் துள்ளி ஓரத்துக்கும் புல்லுக்கும் போய்விடும், நனைத்தது விழுந்த இடத்திலேயே நிற்கும். அப்புறம் கடுங்குளிர் நாட்களில் உப்பை நிறுத்திவிட்டு மணல் போடுகிறார்கள். தரையின் வெப்பம் மைனஸ் 10க்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பு கிட்டத்தட்ட வேலை செய்யாது, எவ்வளவு கொட்டினாலும் அப்படியே கிடக்கும். இது தெரியாமல் "இந்தக் குளிரில் உப்பு வண்டியையே காணோம்" என்று நகரசபையைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த விஷயத்தில் நான் நகரசபை பக்கம்தான்.

குறை சின்னதாக ஒன்று உண்டு: நடைபாதை. வீதி சுத்தமான பிறகும் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற நடைபாதை வழுக்கிக்கொண்டு கிடக்கும். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது அதற்காகத்தான். வயதானவர்கள் இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வது அங்கேதான். உப்பே கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை என்பதும் இதனால்தான். உப்பு உயிரைக் காக்கிறது, அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் உப்பு மறைவதும் இல்லை. கரைந்த உப்பிலிருக்கும் குளோரைடு சிதைவதில்லை, மண் அதை வடிகட்டுவதில்லை, வழக்கமான நீர்ச் சுத்திகரிப்பாலும் நீங்குவதில்லை. ஒரு தேக்கரண்டி உப்பு சுமார் 19 லிட்டர் தண்ணீரை நன்னீர் உயிர்களுக்குத் தீங்கான நிலைக்குக் கொண்டுபோகப் போதும். அமெரிக்கா 1988இல் வகுத்த அளவுகோலின்படி ஒரு லிட்டரில் 230 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு தொடர்ந்து இருக்கக்கூடாது. கனடாவின் நீண்டகால அளவு இன்னும் கடுமை, 120தான். உப்புநீர் கனமானது என்பதால் குளத்தின் அடியில் போய்த் தங்கிவிடும். நியூயோர்க் மாநிலத்தில் லேக் பிளாசிட் ஊரின் நடுவிலிருக்கும் மிரர் ஏரியில் இதை ஆய்வாளர்கள் நேரடியாகவே பார்த்தார்கள். வசந்தத்தில் மேல்நீரும் அடிநீரும் கலந்து ஆழம் வரை ஒட்சிசன் போக வேண்டும், வீதியிலிருந்து வந்த உப்பு அந்தக் கலப்பையே தடுத்துவிட்டது. ஆழத்தில் வாழும் மீனுக்கு அது மூச்சை அடைப்பது மாதிரி.

இனி அந்த 1 மதிப்பெண் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஓடைக்கு அருகே அடுக்குமாடியும் வரிசை வீடுகளுமாகப் புதிய திட்டம் ஒன்று வந்திருக்கிறது. எனக்கு அதில் எதிர்ப்பு இல்லை, வீடு இல்லாமல் எத்தனை குடும்பங்கள் நிலக்கீழ் அறைகளில் வாடகைக்குக் கிடந்து அல்லாடுகின்றன. நகரசபைக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதுதான் என் கவலை. கட்டடத்தின் உயரம், நிழல் யார் முற்றத்தில் விழும், போக்குவரத்து ஆய்வு, இடப்பக்கம் திரும்ப இன்னொரு தடம் வேண்டுமா, வீட்டுக்கு எத்தனை பார்க்கிங். எல்லாம் மணிக்கணக்கில் பேசினார்கள். பார்க்கிங் போதாது என்று சனம் சத்தம் போட்டதும் கூட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தரிப்பிடம் முழுவதும் குளிர்காலம் தோறும் உப்புக் கொட்டப்படும் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மழைநீர்க் குளம் கட்டுகிறோமே, சுற்றுச்சூழலுக்கு அது போதும் என்று பதில் வந்தது. அந்தக் குளம் மண்ணையும் சேற்றையும் பிடிக்கும். கரைந்த உப்பைப் பிடிக்காது, கொஞ்ச நாள் வைத்திருந்து ஓடைக்கு அனுப்பிவிடும்.

தரிப்பிடத்தில் உப்புப் போடுவது நகரசபை வண்டி இல்லை, தனியார் ஒப்பந்தக்காரர். அங்கே உப்புநீர்க் கோடும் இல்லை, தரை வெப்பமானியும் இல்லை. ஒரு தரம் போட்டால் இவ்வளவு என்றுதான் பல ஒப்பந்தங்களில் கணக்கு, ஆகவே குறைத்துப் போட்டால் அவருக்கு நட்டம். யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. பக்கத்துத் தொகுதியின் தரிப்பிடத்தைப் பனியெல்லாம் போன பிறகு போய்ப் பாருங்கள். விளக்குக் கம்பத்தைச் சுற்றியும் தடுப்புக் கல்லின் ஓரத்திலும் உப்புக் கற்கள் கரையாமலே குவிந்து கிடக்கும், காலணிக்கடியில் நொறுங்கும். வேலியாக நட்ட ஊசியிலை மரங்கள் தரிப்பிடத்தைப் பார்த்த பக்கம் மட்டும் துருப்பிடித்த நிறத்தில் கருகியிருக்கும், மறுபக்கம் பச்சை. இதை முறையிட்டு எழுதினேன். தனியார் நிலம், நாங்கள் தலையிட முடியாது என்று பதில் வந்தது. கட்டி முடிந்த இடத்துக்கு அந்தப் பதில் சரியாகவே இருக்கலாம். அனுமதி கொடுப்பதற்கு முன் கேட்டிருக்கலாமே, அப்போது எல்லாம் அவர்கள் கையில்தானே இருந்தது?

கனடாவை எடுத்துக்கொள்ளுங்கள். வீதி உப்பு சூழலுக்கு நச்சு என்று அங்கே மத்திய அரசின் மதிப்பீடு 2001இலேயே சொல்லிவிட்டது. 2004இல் வந்த நடைமுறைக் கோவை ஆண்டுக்கு 500 டன்னுக்கு மேல் உப்புப் போடும் வீதி நிர்வாகங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது, அதுவும் விருப்பத்தின் பேரில் பின்பற்றுவது. பெரிய வீதிகள் திருந்தின, கடைத் தரிப்பிடங்கள் அப்படியே நிற்கின்றன. வழக்குப் பயத்துக்கு மருந்து கண்ட இடமும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2013இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: பயிற்சி பெற்றுச் சான்றிதழ் எடுத்து, முறைப்படி அளந்து உப்புப் போடுகிற ஒப்பந்தக்காரர்களுக்கு வழுக்கி விழுந்த வழக்குகளிலிருந்து பாதுகாப்பு. பயம் போனால் கை தானாகக் குறையும். கனடாவின் எட்மன்டன் நகரம் 2020இல் புதுக் கட்டடங்களுக்குக் கட்டாய பார்க்கிங் எண்ணிக்கையையே எடுத்துவிட்டது. உப்புக்காகச் செய்யவில்லைதான், ஆனால் தார் போடாத இடத்துக்கு உப்பும் வேண்டாம். போக்குவரத்தும் இப்படித்தான். ஒரு தடத்தைக் கூட்டினால் அதற்கும் வருடா வருடம் உப்பு. குடியிருப்பு வீதியில் வேகத்தைக் குறைத்தால் தார் தெரியும்வரை உருக்காமல் பனியை வழித்து விட்டாலே போதுமாக இருக்கும்.

செலவே இல்லாமல் செய்யக்கூடியது இன்னொன்று, இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தரிப்பிடத்தில் வழித்த பனியை எங்கே குவிக்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் மேட்டுப் பக்க மூலையில். பகலில் வெயில் பட்டு உருகி, தண்ணீர் தரிப்பிடம் முழுக்க ஓடி, இரவில் கண்ணாடியாக உறையும். விடிந்ததும் அதன் மேல் திரும்பவும் உப்பு. குவியலைச் சரிவின் கீழ்ப்பக்கம் வடிகாலுக்குப் பக்கத்தில் வைத்தால் இந்தச் சுற்றே நின்றுபோகும். இது கட்டி முடிந்த பிறகு மாற்றுகிற விஷயம் இல்லை, வரைபடத்திலேயே குறித்தாக வேண்டும். கூடவே சான்றிதழ் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் உப்புப் போட வேண்டும் என்று அனுமதியில் ஒரு வரி.

ஓடைக்கரைத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இன்னும் பொதுமக்கள் கருத்துக்குத் திறந்திருக்கிறது. கருத்து எழுதப் போகிறவர்கள் பார்க்கிங் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், பனிக்குவியல் வரைபடத்தில் எங்கே என்று கேட்டு எழுதுங்கள். அதற்கு எழுத்தில் பதில் வந்தால் இந்த மதிப்பெண்ணை மாற்றுகிறேன்.