அருட்சகோதரிகள் நடத்தும் மருத்துவமனையின் மகப்பேறு பிரிவு: ஒரு மதிப்பீடு

தங்கையின் பிரசவத்திற்காகக் கத்தோலிக்கத் துறவு சபை ஒன்று நடத்தும் மருத்துவமனையில் ஐந்து நாட்கள் தங்கியிருந்தேன். எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம் அன்று. சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தை நிரப்பும்போது சற்றுத் தயங்கினேன்.

பிரசவம் பார்த்த மருத்துவர் ஓர் அருட்சகோதரி. வலி தொடங்கிப் பல மணி நேரம் கழிந்தும் அவர் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படவில்லை. அரை மணிக்கொரு முறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, எதுவரை காத்திருக்கலாம், எந்த அறிகுறி தென்பட்டால் காத்திருக்கக் கூடாது என்பதை எங்களுக்குப் புரியும்படி விளக்கினார். விடியற்காலையில் சுகப்பிரசவம் ஆனது. எங்களை ஜெபிக்கச் சொல்லி ஒருவரும் வற்புறுத்தவில்லை. அவர் மட்டும், கை கழுவப் போகும் முன் ஒரு கணம் கண்மூடி நின்றார்.

துறவியர் பேறுகாலம் பார்ப்பதைத் திருச்சபையே ஒரு காலத்தில் அனுமதிக்கவில்லை என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். ஆஸ்திரியாவில் பிறந்த மருத்துவர் அன்னா டெங்கல், 1920இல் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் ராவல்பிண்டிக்கு வந்தபோது, ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பெண்கள் சிகிச்சையின்றி இறப்பதைக் கண்டார். பக்தி மட்டும் போதாது, முழுமையான மருத்துவப் பயிற்சியும் வேண்டும் என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. அவர் 1925இல் வாஷிங்டனில் தொடங்கிய ‘மெடிக்கல் மிஷன் சிஸ்டர்ஸ்’ அமைப்பினர், இத்தடையின் காரணமாகப் பொது வார்த்தைப்பாடு (துறவியர் திருச்சபையின் முன் முறைப்படி அளிக்கும் வாக்குறுதி) கொடுக்காமலேயே பணியாற்ற வேண்டியிருந்தது; 1936இல்தான் ரோம் அனுமதி அளித்தது. எங்கள் மருத்துவரின் நிதானத்தை இதை அறிந்த பிறகு வேறு விதமாக நினைத்துப் பார்க்கிறேன்.

குறைகளும் உண்டு. கணக்கு முடித்து வெளியேற அரை நாள் ஆனது. அதைவிடப் பெரிய குறை, பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு நேர்ந்தது. மூன்றாவது குழந்தையைப் பெற்ற கையோடு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையும் செய்துகொள்ள எண்ணியிருந்த அவருக்கு, கத்தோலிக்கப் போதனையின்படி அது இங்கே செய்யப்படுவதில்லை என்பது பிரசவத்திற்குப் பிறகே தெரிந்தது. கொள்கையை நான் குறை கூறவில்லை. அதை முதல் மாதப் பரிசோதனையிலேயே சொல்லாததைத்தான் குறை கூறுகிறேன். பச்சைக் குழந்தையோடு இன்னொரு மருத்துவமனைக்கு அலைய வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

பிரசவத்திற்கு இந்த மருத்துவமனையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கருத்தடை அறுவை சிகிச்சையும் தேவைப்படுவோர் பதிவு செய்யும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.