ஜன்னல் நிரல்களுக்கு ஜிடிபி: பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு விமர்சனம்

பினாங்கு பாயான் லெப்பாஸில், தொழிற்சாலை இயந்திரங்களுக்கான திரை நிரல்களை எழுதுகிறேன். எல்லாம் லினக்ஸ், ஜன்னல், மெனு, பட்டன்களை வரைய ஜிடிகே என்ற நூலகம். ஆபரேட்டர் மெனுவைத் தொட்டதும் நிரல் விழுந்தால் லைன் நின்றுவிடும், உடனே போன் வரும். அப்போதெல்லாம் எனக்குக் கைகொடுப்பது ஜிடிபிதான். 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய டிபக்கர், அதாவது ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேடும் கருவி, இலவசம். இன்றைக்கும் இதற்கு ஈடாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஜன்னலே இல்லாத டெர்மினல் நிரலுக்கு ஓட்டுகிற மாதிரியே ஓட்டினால் ஏமாற்றம்தான். விழுந்த பிறகு பேக்ட்ரேஸ், அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல், எடுத்தால் முக்கால்வாசி ஜிடிகேயின் உள் ஃபங்ஷன்களாகவே இருக்கும். தப்பு நடந்தது வேறெங்கோ. அழித்துவிட்ட விட்ஜெட்டை (பட்டன், மெனு போன்ற திரைப் பகுதி) ஏதோ ஒரு கால்பேக் (தொட்டதும் ஓடும்படி நாம் எழுதிய ஃபங்ஷன்) தொட்டிருக்கும். அந்த நேரத்தில் 'கிரிட்டிக்கல்' என்று ஒரு எச்சரிக்கை வரி டெர்மினலில் ஓடியிருக்கும், யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஜி_டிபக் என்ற சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) 'ஃபேட்டல்-கிரிட்டிக்கல்ஸ்' என்று வைத்து ஜிடிபிக்குள் ஓட்டுங்கள். அந்த வரி வரும்போதே நிரல் நிற்கும், பேக்ட்ரேஸில் உங்கள் கால்பேக்கின் பெயரும் வரி எண்ணும் தெரியும். என் வேலையில் பாதியை மிச்சப்படுத்தியது இந்த ஒரு அமைப்பு. ஜிடிகேவுக்குப் பதில் க்யூட்டி நூலகம் பயன்படுத்துபவர்களுக்கு க்யூட்டி_ஃபேட்டல்_வார்னிங்ஸ் இருக்கிறது.

அடுத்த தொல்லை, லினக்ஸில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ்11இல். மெனு திறந்திருக்கும்போது பிரேக்பாயிண்டில் (நிரலை நிறுத்த நாம் குறித்து வைத்த வரி) நின்றால் மௌஸும் கீபோர்டும் அந்த நிரலின் பிடியில் மாட்டிக்கொள்ளும். ஜிடிபி ஜன்னலில் ஒரு எழுத்துகூட அடிக்க முடியாது.

"அண்ணே, ஹேங் ஆயிடுச்சு, சுவிட்ச் ஆஃப் பண்ணிடவா?" என்று புதிதாகச் சேர்ந்த தங்கச்சி பதறினாள்.

"வேணாம்மா. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அடி. வேற டெக்ஸ்ட் ஸ்கிரீன் வரும், அங்க லாகின் பண்ணி நிரலை மட்டும் கில் பண்ணு."

அதைவிட நல்ல வழி, நிரலை ஸெஃபிர் என்கிற, ஒரு ஜன்னலுக்குள்ளேயே தனித் திரையாக ஓடும் எக்ஸ் சர்வரில் ஓட்டிவிட்டு ஜிடிபியை வெளியே வைத்துக்கொள்வது. இல்லையென்றால் பக்கத்து லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைந்து ஜிடிபியை ஓட்டலாம்.

சிம்பல்கள் (ஃபங்ஷன் பெயர், வரி எண் போன்ற விவரங்கள்) இல்லாவிட்டால் பேக்ட்ரேஸில் பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் வரும். 2020இல் வந்த 10.1 பதிப்பிலிருந்து டிபக்இன்ஃபோடி என்ற, சிம்பல்களை இணையத்தில் வழங்கும் சர்வர்களிலிருந்து நூலக சிம்பல்களை ஜிடிபியே இறக்கிக்கொள்கிறது. முதல் தடவை கொஞ்சம் பொறுமை வேண்டும். நம் சொந்த நிரலுக்கு அந்த உதவி கிடையாது. இரவு ஷிஃப்டில் விழுந்த நிரலின் கோர் கோப்பை (விழுந்த கணத்தில் அதன் நினைவகத்தின் பதிவு) காலையில் திறக்க வேண்டுமென்றால், ஓடிய அதே பில்டின் ஸ்ட்ரிப் செய்யாத, அதாவது சிம்பல்களை நீக்காத, பிரதி கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.