விடலைக்கு அர்த்தம் கேட்டேன், தசமம் வந்தது

அகராதி ஆப் ஒன்றுக்கு வருஷச் சந்தா 199 ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம்.

எட்டாவது படிக்கிற மகள், "விடலைப் பருவம்னா என்னப்பா, பிள்ளையாருக்குப் போடுற விடலையா?" என்று கேட்டாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சிதறுகாயை விடலை என்றுதான் சொல்வோம், கோயில் வாசலில் அது உடைந்ததும் சில்லு பொறுக்க முதல் ஆளாக ஓடுகிறவள், அவள் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. ஆப்பில் தட்டினேன். 'டீனேஜர்' என்று ஒற்றைச் சொல், கீழே ரம்மி விளம்பரம். காசு கட்டியும் விளம்பரம்!

சரி, 'பதின்ம வயது' என்று போட்டால் 'தசம வயது' என்கிறது. சிரிப்பு வந்தாலும் முழுக்க அதன் குற்றமில்லை. கணக்கில் புள்ளி வைத்து எழுதுகிற தசமத்துக்குப் பதின்மம் என்றும் பெயர், பதின்மர் என்றால் பத்துப் பேர். தேர்ட்டீனிலிருந்து நைன்டீன் வரை வாலில் வரும் 'டீன்' மாதிரி நம் எண்களில் எது இருக்கிறது என்று தேடி, பதின்மூன்று, பதினான்கின் தலையில் இருக்கும் 'பதின்'ஐப் பிடித்திருக்கிறோம். ஆனால் அது பதினொன்றிலேயே வந்துவிடுகிறது, பன்னிரண்டில் காணோம், பத்தொன்பதிலும் காணோம். பதின்பருவம் என்றாலே போதும், நடுவில் அந்த 'ம' எதற்கு என்பது என் கட்சி.

அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனுக்குப் போனேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இப்போது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சும்மாவே தேடலாம். அலங்காரம் ஒன்றும் கிடையாது, விஷயம் இருக்கிறது. இளைஞன், வீரன், பாலை நிலத் தலைவன் என்று விடலைக்கு அடுக்கடுக்காகப் பொருள். குறுந்தொகை 15ஆம் பாட்டில், காதலியோடு ஊரைவிட்டுப் போகிறவன் வெள்வேல் ஏந்திய விடலை, அவள் வளையல் அடுக்கிய மடந்தை. இன்று அதே சொல்லைத் தெருமுனையில் நிற்கிற பையன்களைத் திட்டத்தான் வைத்திருக்கிறோம்.

உலா, பிள்ளைத்தமிழ் மாதிரி சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் வயசுக் கணக்கும் தருகின்றன: மடந்தை 14 முதல் 19, விடலையோ 30 வரை. மகளிடம் சொன்னதும், "அப்ப சித்தப்பாவும் விடலையா?" என்றாள். அவனுக்கு 29, இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆப்புக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் எழுத்து பெரிதாகத் தெரிவதற்காக. அடுத்த வருஷம் சந்தா கட்டப் போவதில்லை.