ரிக்கிங் முழுவதும் மாற்றியதாக பில், ஃபர்லருக்குள் இருந்தது பழைய கம்பி

பழைய பாய்மரப் படகை ரிக்கிங் (பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், பாயை ஏற்றும் கயிறுகள்) வேலைக்கும் இன்ஜின் வேலைக்கும் பட்டறையில் விடப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு விடுங்கள். காசு போனது ஒரு பக்கம். பாய்மரம் முறிந்து விழுந்தால் கீழே நிற்பவர் உயிரே போய்விடும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது 1980களில் கட்டிய ஃபைபர் படகு. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளுக்கு என்ன வயது என்று முந்தைய உரிமையாளருக்கும் தெரியவில்லை. இந்தக் கம்பிகளை 10 முதல் 15 வருடங்களுக்குள் மாற்றிவிடுவது பொதுவான வழக்கம். காப்பீடு கொடுப்பவர்கள் பலரும் இதைக் கேட்பார்கள். எனவே ஸ்டே (முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கும் கம்பி), ஷ்ரவுட் (பக்கவாட்டில் பிடிக்கும் கம்பி) எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், கம்பிகளைப் படகோடு பிணைக்கும் எஃகுத் தகடுகளான செயின்பிளேட்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஓடும்போது இன்ஜின் சூடாவதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். படகு திரும்பி வந்தபோது ஷ்ரவுட்கள் புதுசு, கம்பிகளை இறுக்கும் டர்ன்பக்கிள்கள் பாலிஷ் போட்டு மின்னின, இன்ஜினுக்குப் புது பெயிண்ட். பில்லில் நான் கேட்ட எல்லா வேலையும் இருந்தது.

முதலில் குட்டு வெளிப்பட்டது இன்ஜினில். ஒப்படைக்கும்போது படகைக் கரையில் கட்டிவைத்தபடியே ஓட்டிக் காட்டினார்கள், வெப்பமானி முள் அசையவில்லை. சுமையில்லாமல் மெதுவாக ஓடும் டீசல் இன்ஜின் அதிகம் சூடாகாது, அடைப்பு பாதி இருந்தாலும் அப்போது தெரியாது. வெளியே போய் வேகம் கூட்டியதும் முள் பழையபடி ஏறியது.

வேறொரு மெக்கானிக் வந்து, இன்ஜின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைத் திறந்தார். உள்ளே, குழாய்களின் வாயில், கடல்நீரை இறைக்கும் பம்பின் பழைய இம்பெல்லரிலிருந்து (சுழலும் ரப்பர் சக்கரம்) உடைந்த இதழ்கள் சிக்கிக் கிடந்தன. ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது’ என்று பில்லில் இருக்கிறது. மூடியைத் திறந்த யார் கண்ணிலும் அந்த இதழ்கள் படாமல் இருக்காது. அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள அதில் ஒரு துத்தநாகத் துண்டு திருகியிருக்கும். எங்கள் இன்ஜினில் துத்தநாகம் கரைந்தே போய், பித்தளைத் திருகு மட்டும் மிச்சம். அதன் மேலும் புது பெயிண்ட்! கடல்நீரும் புகையும் கலக்கும் எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றினால், உள்ளே கரியும் உப்பும் இறுகிப் போய் ஒரு விரல் நுழையத்தான் வழி இருந்தது. இம்பெல்லரை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு, மீதியைப் பெயிண்டால் மூடியிருக்கிறார்கள்.

இன்ஜினையும் புரொப்பெல்லர் தண்டையும் நேர்கோட்டில் அமைக்கும் ஷாஃப்ட் அலைன்மென்ட்டுக்கும் தனியாகக் காசு வாங்கியிருந்தார்கள். அதைச் செய்தது படகு கரையில் முட்டுக்கட்டை மேல் நின்றபோது. தண்ணீரில் இறங்கியதும் படகின் உடல் கொஞ்சம் வடிவம் மாறும், அதனால் கடைசி அளவைத் தண்ணீரில்தான் எடுக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் இரு முகங்களுக்கு நடுவே, விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.001 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது பொதுக் கணக்கு. கரையிலேயே பார்த்து முடித்த அலைன்மென்ட்டை முடிந்த வேலையாக எண்ணாதீர்கள்.

இதையெல்லாம்கூட ஒருவகையில் பொறுத்துக்கொள்ளலாம். ரிக்கிங்கில் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முன்பாயைச் சுருட்டும் ஃபர்லர் இறுக்கமாக இருக்கிறது என்று ரிக்கிங் வேலை செய்யும் ஒரு ரிக்கரை அழைத்தேன். ஃபர்லர் உள்ள படகில் ஃபோர்ஸ்டே (பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பி) அலுமினியக் குழாய்க்குள் மறைந்து போகிறது, அதன் கீழ்முனை டிரம்முக்குள் இருக்கும். அதை மாற்ற வேண்டுமானால் ஃபர்லரைப் பிரிக்க வேண்டும், நேரம் பிடிக்கிற வேலை. ரிக்கர் டிரம்மை மேலே தூக்கிக் கட்டிவிட்டு டார்ச் அடித்தார். புது ஷ்ரவுட்களுக்கு நடுவே, முன்னால் இருந்தது பழைய கம்பியேதான். கம்பி ஸ்வேஜுக்குள் (முனையில் அழுத்திப் பொருத்திய உலோக உறை) நுழையும் இடத்தில் துரு வழிந்து, 19 இழைகளில் இரண்டு அறுந்திருந்தன. ஸ்வேஜிலேயே நீளவாக்கில் மெல்லிய விரிசல். இந்த ஒரு கம்பி அறுந்தால் பாய்மரம் பின்னால், சுக்கான் பிடிப்பவர் இருக்கும் பக்கமாகச் சாயும். என் பிள்ளைகள் உட்காரும் இடம் அது.

அப்புறம் செயின்பிளேட்களையும் கழற்றச் சொன்னேன். சுற்றிலும் பழைய சீலன்ட் அப்படியே இருந்தது, மேலே மட்டும் புதிதாக ஒரு பூச்சு. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். மேல்தளத்தின் தடிமனுக்குள், ஈரமும் உப்பும் தேங்கிக் காற்றுப் புகாத இடத்தில், எஃகு குழி குழியாக அரிக்கும். வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். என் படகில் இரண்டு பிளேட்கள் சரியாக அந்த உயரத்தில் கறுத்துக் குழிந்திருந்தன. பாலிஷ் போட்டவர்கள் அவற்றைக் கழற்றவே இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: பாயை ஏற்றும் கயிறுகளை நன்றாகவே மாற்றியிருந்தார்கள், முனைப் பின்னல் சுத்தமாக இருந்தது. வேலை தெரிந்தவர்கள்தான். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

பட்டறை உரிமையாளரிடம் போட்டோக்களைக் காட்டினேன். “பழைய படகு என்றால் இப்படித்தான் சார், ஒன்று போனால் ஒன்று வரும்” என்றார். கழற்றிய பழைய ஃபோர்ஸ்டே எங்கே என்று கேட்டதற்கு, இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்றார். அது இன்னும் படகில்தான் இருக்கிறது என்று அதன் படத்தையே நீட்டிய பிறகுதான் பேச்சு மாறியது. பல முறை அலைந்து ஃபோர்ஸ்டேவுக்கான தொகை மட்டும் திரும்பி வந்தது. செயின்பிளேட்டுக்கும் இன்ஜினுக்கும் வாங்கியதைத் தர மறுத்துவிட்டார்.

இப்போது நான் எந்தப் பட்டறையில் விட்டாலும், கழற்றிய ஒவ்வொரு பாகமும் பெட்டியில் போட்டு எனக்கு வர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குகிறேன். பெயிண்ட் அடிக்கும் முன் என்னைக் கூப்பிட வேண்டும். கம்பியின் விட்டம், 316 ரகத் துருப்பிடிக்காத எஃகா என்பது, எத்தனை கம்பிகள், ஒவ்வொன்றின் பெயர், எல்லாம் தனித்தனி வரியாக வேண்டும். ‘ரிக்கிங் முழுவதும்’ என்ற ஒற்றை வரி போதாது. இன்ஜினை ஓடும் வேகத்தில், சுமையோடு, வெப்பம் நிலைக்கும்வரை ஓட்டிக் காட்டிய பிறகே கடைசித் தவணை. இதற்கு முகம் சுளிக்கும் பட்டறையில் படகை விடாதீர்கள்.

ஏற்கெனவே வேலை முடித்து வாங்கியவர்கள், அடுத்த முறை பாய் ஏற்றும் முன் ஃபர்லர் டிரம்மின் அடியைத் திறந்து பாருங்கள். எல்லாக் கம்பிகளிலும் ஸ்வேஜ் வாயில் கொஞ்சம் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள், அறுந்த இழை இருந்தால் பஞ்சு சிக்கும், வெறும் விரலால் தடவினால் கிழித்துவிடும். ஃபோர்ஸ்டேவில் அப்படிச் சிக்கினால் பாய் ஏற்றாதீர்கள். உச்சியிலிருந்து வரும் உபரி ஹாலியார்டு (பாயை ஏற்றும் கயிறு) ஒன்றைப் படகின் முன்முனையில் உறுதியான பிடிமானத்தில் கட்டி இறுக்கிவிட்டு, ரிக்கரைக் கூப்பிடுங்கள்.