தேங்காய்க் களத்தில் ஓநாய் வகுப்பு: 150 ரூபாய்க்குத் தாராளமாகப் போகலாம்

காங்கேயம் பக்கம் ஒரு தேங்காய்க் களத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காட்டுயிர் வகுப்பு நடத்துகிறார்கள். ஆளுக்கு 150 ரூபாய், டீ சுண்டல் உட்பட. போன மாதம் ஓநாய். என் கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், 40 மேச்சேரி ஆடுகள் நிற்கின்றன. ஐப்பசியில் தெருநாய்கள் கிளுவை வேலியில் நுழைந்து ஒரே ராத்திரியில் ஆறு ஆட்டைக் கடித்துப் போட்டன. அந்த வயிற்றெரிச்சலோடுதான் போய் உட்கார்ந்தேன்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பற்றிச் சொன்னார்கள். அங்கே 1926-க்குள் ஓநாய்களைச் சுட்டும் பொறி வைத்தும் தீர்த்துவிட்டார்கள். அப்புறம் 1995, 1996 இரண்டு வருடங்களில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைப் பிடித்து வந்து விட்டார்கள்.

நடத்திய தம்பி திரையில் படம் ஓட்டவில்லை. பெரிய தகரத் தட்டில் மணலைப் பரப்பி, சரித்து வைத்து, சொம்பில் தண்ணீர் ஊற்றினார். குறுக்கே குச்சி அடுக்கியதும் தண்ணீர் தேங்கி இருபுறமும் மணல் நனைந்தது. குச்சியை எடுத்தார், தண்ணீர் நடுவில் ஆழமாக அறுத்துக்கொண்டு ஓட, ஓரம் காய்ந்து வெளுத்தது. குச்சி அடுக்கி அணை கட்டுவது பீவர் என்ற விலங்கு. ஓநாய் போனபின் எல்க் மான்கள் பெருகி, ஓடையோரம் வளரும் வில்லோ மரங்களின் துளிரையெல்லாம் மேய்ந்துவிட்டன. பீவருக்கு மரம் இல்லை, அணையும் இல்லை. மண்ணுக்குள் நீர்மட்டம் இறங்கிவிட்டது.

ஓநாய் வந்தது, காடு பிழைத்தது என்று அவர் அதோடு முடித்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். எல்க் குறைந்ததற்குக் கரடியும் மலைச்சிங்கம் என்கிற பூமாவும் வேட்டைக்காரர்களும்கூடக் காரணம் என்றார். சில ஓடைகளில் வில்லோ ஆள் உயரத்துக்கு மேல் எழும்பியது. நீர்மட்டம் இறங்கிய இடங்களில் இன்னும் குட்டையாகவே நிற்கிறதாம். சொல்லிக்கொண்டே அதே குச்சிகளை மறுபடி அந்தப் பள்ளத்தின் மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். குச்சிக்கு அடியில் புகுந்து தண்ணீர் போய்விட்டது. ஓர மணல் நனையவே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் அண்ணன் காட்டில் கொழுக்கட்டைப் புல்லை வேரோடு மேயவிட்டு, பிறகு இரண்டு வருடம் பூட்டிப் போட்டும் ஆவாரைதான் முளைக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். "ஏனுங்க தம்பி, ஓநாய் ஆட்டைப் புடிச்சா பணம் யாருங்க குடுப்பாங்க?" என்று கேட்டேன். அங்கே ஒரு தன்னார்வ அமைப்பு பல வருடம் இழப்பீடு கொடுத்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆடு வைத்திருப்பவர்கள் பாதிக்குமேல் உட்கார்ந்திருந்த கூட்டம் அது. அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஆரம்பிக்கவும் முக்கால் மணி தாமதம், கொசு வேறு.

அடுத்த மாதம் செந்நாய். அண்ணனுக்கும் சேர்த்து 300 ரூபாய் கட்டிவிட்டேன்.