கல்யாணத்தில் ஃபுட் ஸ்டைலிங் மேசை வைக்கப்போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

போன வைகாசியில் என் தங்கையின் கல்யாண வரவேற்பு, ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியைத் தாண்டிக் கடற்கரையை ஒட்டிய ஒரு தோப்பில் நடந்தது. மேடை அலங்காரத்துக்குப் பேசிய ஆட்களே ஃபுட் ஸ்டைலிங்கும், அதாவது உணவைப் பார்வைக்கு அழகாக அடுக்கி வைக்கிற வேலையும், செய்வதாகச் சொன்னார்கள். பனையோலைப் பெட்டியில் நம்ம ஊர் பலகாரம், நுங்கு, கருப்பட்டி, பழங்கள், கண்ணாடிக் கிண்ணங்களில் பாயசம், நடுவே முண்டு மிளகாய்ச் சரம் என்று போனில் காட்டிய படங்கள் அவ்வளவு அழகு. அந்த மேசைக்கு மட்டும் 75,000 ரூபாய் பேசி 50,000 கொடுத்துவிட்டோம்.

தொதலை மட்டும் நாங்களே கீழக்கரையில் சொல்லி 6 கிலோ வாங்கிக் கொடுத்தோம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்டு எண்ணெய் பிரிகிற வரைக்கும் மணிக்கணக்கில் கிண்டுகிற பண்டம் அது, அதற்கு மேல் பளபளப்பு எதுவும் தேவையே இல்லை.

வரவேற்பு இரவு 7 மணிக்கு. இவர்கள் பிற்பகல் 3 மணிக்கே எல்லாவற்றையும் திறந்தவெளியில் அடுக்கிவிட்டார்கள், வெளிச்சம் இருக்கும்போதே படம் எடுக்க வேண்டுமாம். வைகாசிக் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெட்டிய பழத்தின் மேலெல்லாம் மணல். பால் பாயசம் 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அது 4 மணி நேரம் வெயிலில் நின்றது. கேட்டதற்கு, "லுக் கெட்டுப்போயிடும் மேடம், மூட முடியாது" என்று பதில்.

முதலில் கண்டுபிடித்தது பெரியம்மாதான். "ஏய், அரளிப்பூவையாடி பலகாரத்துக்குள்ள சொருகி வச்சிருக்காங்க?" என்று அவர் போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடினோம். தொதல் துண்டுகளுக்கு நடுவே, நுங்குக் கிண்ணத்துக்குள், எங்கே பார்த்தாலும் செவ்வரளி. பூ, இலை, தண்டு எல்லாமே விஷம், இதயத்துடிப்பையே பாதிக்கும். 2024 மே மாதம் கேரளாவில் கோயில்களை நிர்வகிக்கிற திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியே கூடாது என்று நிறுத்தியது இதனால்தான். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த மேசையைச் சுற்றித்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள், எதையும் எடுத்து வாயில் போடவில்லை என்று தெரிகிற வரைக்கும் எனக்கு உயிரே இல்லை.

அப்புறம்தான் மற்றதையும் பார்த்தோம். பழமும் தொதலும் மினுமினு என்று இருந்தது முடிக்கு அடிக்கிற ஹேர் ஸ்ப்ரே! ஓலைப் பெட்டிகளுக்குள் அடியில் தெர்மாகோல், மேலே ஒரே வரிசை பலகாரம். விளம்பரப் படம் எடுக்கிறவர்கள் பாகுக்குப் பதில் எஞ்சின் ஆயில் ஊற்றுவார்கள், க்ரீமுக்குப் பதில் ஷேவிங் ஃபோம் வைப்பார்கள். அதை யாரும் சாப்பிடப் போவதில்லை, சரி. கல்யாண வீட்டில் மேசையில் வைத்தால் விருந்தாளி எடுத்துச் சாப்பிடத்தானே செய்வார்? அதற்கு அவர்கள் சொன்னது: "அது டிஸ்ப்ளேக்கு மட்டும்தான், சாப்பிடலாம்னு நாங்க சொல்லவே இல்லையே." ரசீதை எடுத்துப் பார்த்தால் உண்மையிலேயே "டேபிள் செட்டப்" என்று மட்டும்தான் இருந்தது. 6 கிலோ தொதலையும் குழி தோண்டிப் புதைத்தோம், அம்மா அழுதுவிட்டார்.

நீங்கள் பேசும்போது மேசையில் வைக்கிற ஒவ்வொன்றும் சாப்பிடக்கூடியதா என்று பெயர் பெயராக எழுதி வாங்குங்கள். என்ன பூ, என்ன ஸ்ப்ரே, எத்தனை மணிக்கு வெளியே எடுப்பார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். உணவையும் அவர்களே கொண்டுவருவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) கொடுக்கிற 14 இலக்க எண்ணைக் கேளுங்கள், நாங்கள் கேட்கவில்லை.

மீதி 25,000 கேட்டு இன்னும் போன் வருகிறது, கொடுக்கவில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். படங்கள், ரசீது, அந்த ஸ்ப்ரே டப்பா எல்லாம் என்னிடம் இருக்கின்றன. இந்த வாரம் ராமநாதபுரம் போய் மனு கொடுக்கிறேன்.